ஷ்ரவ்யாவின் கைதட்டல்

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த லோகப்பிரியாவின் முகம் வாடியிருந்தால், பங்காரம்மாவுக்குக் காபி தொண்டையில் இறங்காது. பீளமேட்டில் அந்தத் தெருவின் கவலையெல்லாம் அவள் பொறுப்பு.

"ஏன் கண்ணு, மூஞ்சி இப்படி வாடிக்கெடக்குது?"

"அவரு கோல்ஃப் கத்துக்கறாருங்கக்கா. சொல்லித் தர்றது ஷ்ரவ்யான்னு ஒரு பொண்ணு. ஊட்டுக்கு வந்தா, ஷ்ரவ்யா இப்படிச் சொன்னா, ஷ்ரவ்யா கைதட்டுனான்னு ஒரே பாட்டு. வயிறு எரியுதுங்க."

"எரியாம என்ன பண்ணும்? கெளம்பு, நானும் வாரேன். நேர்லயே கேட்டுப்போடலாம்."

மைதானத்தில் ஷ்ரவ்யா, லோகப்பிரியாவின் கணவர் கிருபாசங்கரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் ஹைப்ரிட் என்னும் கோல்ஃப் மட்டையை வீச, பந்து உயரப் பறந்தது. ஷ்ரவ்யா கைதட்டினாள். லோகப்பிரியா விறுவிறுவென்று நடந்தாள். ஒரு அறையாவது விழும் என்று பங்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"ஏம்மா ஷ்ரவ்யா, உனக்கே நல்லாருக்குதா இது?" லோகப்பிரியா இடுப்பில் கை வைத்தாள். "மூணு வருஷமா உங்கிட்ட நானும் கத்துக்கறேன். இந்த ஹைப்ரிட்டுல அடிச்சா எனக்குப் பந்து தரையிலதான் உருளுது. நேத்து வந்த மனுசனுக்குப் பறக்குது! ஞாயித்துக்கிழமை போட்டியில அவருகிட்டயே நான் தோக்கோணுமா?"

"அக்கா, நீங்க பந்தைத் தூக்கிவிடப் பாக்கறீங்க. அண்ணனுக்குத் தோட்டத்துல மம்பட்டி புடிச்ச கை. மேலிருந்து கீழ எறக்குறாரு. அப்படி அடிச்சாத்தான் பந்து மேல பறக்கும்."

லோகப்பிரியா கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, தோட்டத்துல வாழைக்கு மண்ணு அணைக்க ஆளைக் கூப்பிட வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நானே மம்பட்டி எடுத்துட்டுப் போறேன்."