மரியாதைக்கு முதல் கிளாஸ்

புதுச்சேரியில் நாங்கள் வழக்கமாகக் குடித்த பாரில் அன்றும் கூட்டம் நெரிந்தது. ஆனால் சத்தமே இல்லை. கவுண்டருக்கு மேலே இருந்த இயந்திரம் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தது. மரியாதையாகப் பேசுகிறவருக்கு முதலில் ஊற்றும். குரல் தடித்தால் கடைசிக்குத் தள்ளிவிடும்.

முன்பு இதே கவுண்டரில் சவரி அண்ணன் ஊற்றுவார். என் நண்பன் மார்சலின் கூட்டத்துக்கு மேல் கையை நீட்டி என்னைக் காட்டி, "அண்ணே, இந்த எருமைக்கு முதல்ல ஊத்துங்க, இல்லன்னா அழுதுடுவான்!" என்று கத்துவான். வரிசையில் நின்றவர்களே சிரித்துக்கொண்டு வழிவிடுவார்கள்.

பல வருடம் கழித்து அன்றுதான் அவனும் நானும் சந்தித்தோம். அவன் வேலை பார்க்கும் ஊரில் பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், எங்கும் இந்த இயந்திரம்தானாம்.

"உக்காருங்க. என்ன சாப்பிடுறீங்க?" என்றான்.

இயந்திரத்துக்காக நடிக்கிறான் என்று நினைத்து, "உங்க விருப்பம்ங்க" என்றேன் நானும். எங்களுக்குத்தான் முதலில் வந்தது. பீர் ஜில்லென்று இருந்தது. பேச்சும் அப்படித்தான் இருந்தது.

எரிச்சலில் அவனைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே எங்கள் பேச்சைக் கேட்க எதுவும் இல்லை.

"இப்பவாவது ஒரு தடவ எருமைன்னு கூப்பிடுடா."

சிரித்தபடி வாயைத் திறந்தான். அதற்குள் அவன் தலை தானாக நிமிர்ந்து மேலே எதையோ தேடியது. வானம் மட்டும்தான் இருந்தது.

"வர மாட்டேங்குதுங்க" என்றான்.