தீர்த்தாவின் மேஜைக்கு அடியில்

இன்னாசிராஜ் மறுபடியும் தீர்த்தாவின் மேஜைக்கு அடியில் புகுந்தான்.

காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதைப் புஷ்பமேரி விட்டுவிட்டாள். வயிறு எரிவதற்குக் கணக்கு எதற்கு?

வெளியே தெரிந்தது அவன் கால்கள் மட்டும்தான். கம்ப்யூட்டர் ஹாலுக்குள் ஷூ போட்டு வரக் கூடாது. ஒரு சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அந்த ஓட்டையைத் தீர்த்தாவும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் புஷ்பமேரிக்குத் தாங்கவில்லை.

தீர்த்தம்மாள் என்று அரூரில் பெற்றவர்கள் வைத்த பெயரை, ஓசூருக்கு வேலைக்கு வந்ததும் தீர்த்தா என்று நறுக்கிக்கொண்டவள் அவள். இந்த பம்பு கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. இப்போது டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவனுக்கு வெளிச்சம் காட்டினாள். ஜடையில் செருகிய ரோஜா அவன் முதுகில் விழாத குறை.

டார்ச் பிடிக்கிற லட்சணத்தைப் பார், என்று புஷ்பமேரி வாய்க்குள் திட்டினாள்.

விஷயம் வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டரை ஓட்டுகிற டாஸ் பழசாகிவிட்டது, புதுசு போட வேண்டும் என்றார்கள். பெங்களூரிலிருந்து வந்து இந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற இன்னாசிராஜ், முதலில் தீர்த்தாவின் மெஷினில் போட்டுச் சோதித்தான். சோதனை என்ற பெயரில் மூன்று நாள் அங்கேயே குடியிருந்தான். நேற்று மற்ற மெஷின்களிலும் போட்டு முடித்தான். சாயங்காலம் வரை எல்லாம் நன்றாகவே ஓடின.

இன்று காலை ஒன்றுகூட, பில் கணக்கெல்லாம் வைத்திருக்கிற சர்வரோடு பேசவில்லை. சர்வரைக் காணவில்லை என்று எல்லாத் திரையிலும் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதோடு சரி.

பில் அடிக்க முடியவில்லை. பில் இல்லாமல் லோடு ஏற்றிய லாரிகள் கேட்டில் நின்றன. டிரைவர்கள் கன்னடத்தில் ஏசுவது ஹால்வரை கேட்டது.

புது டாஸ்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அதையே நம்பினான். தீர்த்தாவின் மேஜைக்கு அடியில் இருக்கிற பெட்டியில் புது டாஸ் பிளாப்பியைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான். ஒரே ஒரு தடவை, தீர்த்தாவின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கேபிளெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஹாலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கடைசி மேஜையிலிருந்து புஷ்பமேரியும் தலையை ஆட்டி வைத்தாள்.

எழுந்து வந்து பார்த்தால் கால் தேய்ந்தா போய்விடும்?

போன வாரம் இதே ஆள், கோவிலூர் திருவிழாவுக்கு உங்க வூட்ல எல்லாரும் வருவாங்களா என்று அவளிடம் கேட்டான். கோவிலூர் அவனுடைய ஊர். அவன் அம்மாவின் கண்ணில் தன்னைக் காட்டத்தான் கேட்கிறான் என்று புரியாதவளா அவள்? வெட்கத்தில் பதில் சொல்லாமல் இருந்துவிட்டாள். அதற்குள் இந்தப் பாழாய்ப்போன டாஸ் வந்தது. அவன் பேச்சும் சிரிப்பும் அந்தப் பக்கமே போய்விட்டன.

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் குப்புராஜ் வந்தார்.

"டீ டைமுக்குள்ள பில்லு வரலைன்னா பழசையே போட்டுடுப்பா. போட்டுட்டு நீயும் பெங்களூருக்கே கிளம்பிக்க. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

இன்னாசிராஜ் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. தலையெல்லாம் ஒட்டடை. தீர்த்தா அதைத் தன் கையாலேயே எடுத்துவிட்டாள். அவனும் தலையைக் காட்டிக்கொண்டு நின்றான்.

போகட்டும், என்று நினைத்தாள் புஷ்பமேரி. பெங்களூருக்கே போய்த் தொலையட்டும். இவளுக்கும் கிடைக்க மாட்டான்.

அந்த நினைப்பு ஒரு நிமிடம் தித்தித்தது. தனக்கும் கிடைக்க மாட்டானே என்று உறைத்ததும் கசந்துபோனது.

அவள் தன் மேஜை டிராயரைத் திறந்தாள்.

ஹாலில் உள்ள மெஷின்கள் எல்லாவற்றையும் ஒரே கறுப்புக் கேபிள் மேஜை மேஜையாகக் கோத்துக்கொண்டு வந்து, புஷ்பமேரியின் மேஜையில் முடிகிறது. முடிகிற நுனியில் விரல் நுனியளவு ஒரு மூடி மாட்டியிருக்கும். இந்த மூடி கழன்றால் மொத்த ஆபீசும் படுத்துக்கொள்ளும் என்று, இதே மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவனேதான்.

காலையில் யாரும் வருவதற்கு முன் அதைக் கழற்றி டிராயரில் போட்டபோது, நேராக இங்கேதான் ஓடிவருவான் என்று நினைத்தாள்.

பேனா விழுந்ததுபோல் குனிந்தாள். மூடியை நுனியில் வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினாள்.

அங்கே, கடைசியாக ஒரு தடவை பார்ப்போமே என்று, தீர்த்தா என்டரைத் தட்டினாள்.

"வந்துருச்சு! வந்துருச்சுங்க!"

ஹாலே கைதட்டியது. குப்புராஜ் பில் அடிக்கச் சொல்லிக் கூவினார். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கறகறவென்று ஓட ஆரம்பித்தது. இன்னாசிராஜ், போன உயிர் திரும்பி வந்தவனாகத் தீர்த்தாவையே பார்த்தான்.

"காலையில இருந்து நான் தட்டுறேன், வரலை. நீங்க தொட்டதும் வந்துருச்சு பாருங்க. உங்களுக்குக் கைராசிங்க! இனிமே எந்த மெஷின்ல கோளாறுன்னாலும் உங்களக் கூட வெச்சுக்கிட்டுத்தான் தொடுவேன்."

புஷ்பமேரி மேஜைக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவள் விரல்கள் இன்னும் மூடியின்மேல்தான் இருந்தன.

மறுபடியும் கழற்றலாம். கழற்றினால் அவன் முதலில் யாரைக் கூப்பிடுவான் என்று அவளுக்கு இப்போது தெரியும்.