பெண் கேட்டு வந்தவர்கள்

"வாயைத் திற, கண்ணு. இன்னும் கொஞ்சம்... அப்படித்தான்!"

அபூ மித்கால் கொஞ்சியது பேரக்குழந்தையை அல்ல. போன வாரம் தலைநகர் அம்மானில் ஒரு மேஜரின் விதவையிடம் வாங்கிய பழைய பெல்ஜியத்துக் கைத்துப்பாக்கி அவர் மடியில் கிடந்தது. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்ததும் அது சமர்த்தாக வாய் திறந்து காட்டியது.

"பொண்டாட்டி முகத்தைப் பாத்து ஒரு வாரமாச்சு," என்றாள் உம் மித்கால், சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி. உள்ளே அடுப்பில் பெரிய பாத்திரத்தில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. ஏலக்காய் வாசனை முற்றம்வரை வந்தது.

"நீ இங்க வந்து உக்காரு, சொல்றேன். முதல் தோட்டாவை மட்டும் நாம ஏத்தி விட்டாப் போதும். மீதியெல்லாம் இது பாத்துக்கும். வெடிச்ச வேகத்துல இந்த மேல்பாகம் பின்னால ஓடும். ஓடுறப்பவே காலிக் கூட்டை வெளியில துப்பிடும். உள்ள இருக்கிற ஸ்பிரிங் அதை முன்னால தள்ளும். திரும்பி வர்ற வழியில, கைப்பிடிக்குள்ள இருக்கிற மேகசின்ல இருந்து அடுத்த தோட்டாவைக் கூட்டிட்டு வந்து குழல்ல உக்கார வச்சிடும். சொல்லாமலே செய்யுது பாரு!"

"நம்ம பையன் மித்காலுக்கு இதுல பாதி புத்தி இருந்திருக்கலாம். சரி, அன்னிக்கு மேகசினைக் கழட்டின பிறகும் ஏன் வெடிச்சுது?"

அபூ மித்கால் இருமினார்.

ஸல்த் நகரம் முழுக்க மலைச்சரிவு. ஒருவர் முற்றத்துக்கு நேர் கீழே அடுத்தவர் மொட்டைமாடி. செவ்வாய்க்கிழமை மேகசினைக் கழற்றிவிட்டு, காலிதானே என்று விசையை அழுத்தியவர், கீழ்வீட்டு அபூ ஸுஹைரின் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு ஓட்டை போட்டார். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை வரும் நகராட்சித் தண்ணீர் அன்று காலையில்தான் அந்தத் தொட்டியில் நிரம்பியிருந்தது.

"மேகசினை எடுத்தாலும் குழல்ல ஒண்ணு தங்கியிருக்கும். மேல்பாகத்தை இழுத்துப் பாக்கணும். நான் பாக்கல."

"எப்படி இழுக்கறது? காட்டுங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் இன்னொரு தடவை விளக்கச் சொல்லி அவள் கேட்டதில்லை. பொறுமையாகச் செய்து காட்டினார். அவளும் வாங்கி, இழுத்து, குழலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கத்துக்கிட்டேன். இப்ப இதை வித்துடுங்க. இது இந்த வீட்டுல இருக்கிறவரைக்கும் நம்ம நுஹாவைப் பொண்ணு கேட்டு எவனும் வரமாட்டான். உடம்புல ஓட்டையோட திரும்பிப் போக எந்த மாப்பிள்ளைக்கு ஆசை?"

"இதையா? உயிர் இருக்கிறவரை இது என் கையை விட்டுப் போகாது!"

வாசலில் செருமல் கேட்டது. ஊர்ப் பெரியவர் ஹாஜி பர்ஜஸ் நின்றிருந்தார். பின்னால் பத்துப் பேர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போட்ட அதே வெள்ளை அங்கியில். அவர்களுக்கு நடுவே அபூ ஸுஹைர்!

அபூ மித்காலுக்குக் கண் விரிந்தது. "தொட்டிக்காரனே வந்திருக்கான்டி! அவன் மகன் ஸுஹைர் மருந்துக்கடை வச்சிருக்கான்ல? நுஹாவுக்குத்தான்!"

"நீங்க போய் உக்காருங்க. அதைக் குடுங்க, நான் உள்ள வைக்கிறேன்."

காபி வந்தது. ஹாஜி பர்ஜஸ் கோப்பையை வாங்கினார், உதட்டருகே கொண்டுபோகாமல் அப்படியே கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

அந்த ஊர் வழக்கப்படி, குடிக்காத கோப்பை கீழே இறங்கினால் வந்தவருக்குக் கேட்க ஏதோ இருக்கிறது. வீட்டுக்காரர் தருகிறேன் என்று சொல்லும்வரை ஒரு சொட்டு தொண்டையில் இறங்காது. காபி ஆறிப்போனால் அவமானம் வீட்டுக்காரருக்கு.

"குடிங்க, ஹாஜி! நீங்க எதுக்கு வந்தீங்களோ அதைக் குடுத்தாச்சு!"

"நான் இன்னும் கேக்கவே இல்லையேப்பா. கொஞ்சம் யோசிச்சுக்கோ."

"யோசிக்க என்ன இருக்கு? மறுத்துப் பேசினா இந்த மீசையை எடுத்துடறேன்!"

எல்லாக் கோப்பைகளும் ஒரே மூச்சில் காலியாயின. ஹாஜி பர்ஜஸ் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். அந்தத் துப்பாக்கியைக் கொண்டா."

"எ... எதை?"

"அதைத்தான். இத்தனை பேர் முன்னால குடுத்த வாக்கு. நுஹாவைக் கேட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வர்றோம். முதல்ல அபூ ஸுஹைர் பயமில்லாம தன் மாடிக்கு ஏறட்டும்."

"தொட்டியும் புதுசு வாங்கிட்டேன்," என்றார் அபூ ஸுஹைர் பணிவாக.

அபூ மித்காலின் கை தானாக மீசையைத் தடவியது. கடைசியாக ஒரு வழி தோன்றியது.

"குடுக்கறேன், ஹாஜி, குடுக்காம என்ன? ஆனா உள்ள தோட்டா இருக்கும். விவரம் தெரியாதவங்க தொட்டா ஆபத்து. நானே பக்குவமாப் பாத்து, ஒரு மாசம் கழிச்சு..."

திரைச்சீலை விலகியது. சமையலறைத் துணியில் சுற்றிய பொட்டலத்தை உம் மித்கால் ஹாஜியிடம் நீட்டினாள்.

"மேகசினை எடுத்தாச்சு, மேல்பாகத்தை இழுத்துக் குழலையும் பாத்தாச்சு. நான் சொல்லியனுப்பின மாதிரியே சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க, ஹாஜி!"