பருந்துக் காவல்

கௌதாரிக் கூட்டம் ஒன்று ஒரு கரிச்சான் குருவியைக் காவலுக்கு வைத்திருந்தது. பருந்து தெரிந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. பதிலுக்கு, கௌதாரிகள் மண்ணைக் கிளறும்போது பறக்கிற பூச்சியெல்லாம் அதற்கு.

கரிச்சானுக்கு எந்தப் பறவையின் குரலும் வரும். ஆனால் மூன்று வருடமாக ஒரே கத்தல். பொழுது சாயும்போது வேறெதையும் பாடிப் பார்க்கத் தொண்டையில் தெம்பு இருக்காது.

ஒரு மத்தியானம் வானம் வெறிச்சோடிக் கிடந்தது. கரிச்சான் மெதுவாகத் தன் சொந்தப் பாட்டு ஒன்றைத் தொடங்கியது. இரண்டாவது அடி வருவதற்குள் கௌதாரிகள் அலறியடித்து முள்புதருக்குள் பாய்ந்தன. ஒரு குஞ்சின் காலில் முள் ஏறிவிட்டது.

"பருந்து இல்லைக்கா. சும்மா பாடினேன்" என்றது கரிச்சான்.

மூத்த கௌதாரி கோபப்படவில்லை. முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னது: "நல்லாத்தான் பாடியிருப்பே, தம்பி. ஆனா உன் குரலைக் கேட்டாலே எங்க காலு ஓடிருது. நாங்க என்ன பண்ண?"

திட்டியிருந்தால்கூடக் கரிச்சான் இருந்திருக்கும். இதைக் கேட்ட பிறகு முடியவில்லை. குஞ்சுகள் பறக்கப் பழகும்வரை காவல் காத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியது.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு புளியமரத்தில் போய் உட்கார்ந்தது. பசித்தும் பூச்சி பிடிக்கப் போகாமல் இரண்டு நாள் தூங்கியே கழித்தது. மூன்றாம் நாள் வாயைத் திறந்தபோது, கரகரவென்று அரை அடி மட்டும் வந்து நின்றது.

கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

"அப்புறம்?" என்று கேட்டது.

"எனக்கே இன்னும் தெரியலை" என்றது கரிச்சான்.

ஆடு அங்கேயே படுத்து அசை போடத் தொடங்கியது.