தானாக நடந்தது

டயாலிசிஸ் வார்டில் இன்பசேகரனுக்கும் பாக்கியநாதனுக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. இன்பசேகரன் ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார்; மற்றவர் கிறிஸ்தவ சபை உபதேசியார். வாரத்துக்கு இரண்டு நாள், ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும் நான்கு மணி நேரமும் இருவரும் சண்டை போட்டார்கள். உலகத்தைப் படைத்தவன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்பார் உபதேசியார். அப்படியானால் அவனைப் படைத்தவன் யார் என்பார் வாத்தியார். ஊசி குத்திய கையை ஆட்டாதீர்கள் என்று நர்ஸ் கத்துவாள்.

அன்றைக்கு உபதேசியார் பேச்சில் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த ஆத்திரத்தில் கேட்டுவிட்டார்.

"எல்லாம் தானா நடந்துச்சுங்கீரு. ஓம்ம மவன் லாரில அடிபட்டுச் செத்தானே, அதுவும் தானா நடந்ததுதானா வே?"

உடம்புக்கு வெளியே குழாயில் ஓடிக்கொண்டிருந்த ரத்தம்கூடக் கொதிப்பதுபோல் இருந்தது இன்பசேகரனுக்கு. ஆறு வருடமாக அவரெதிரே யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"தானா நடந்துச்சுன்னு நெனைக்கப் போயித்தான் வே நான் இன்னும் சோறு திங்கேன். ஒருத்தன் இருந்து, தெரிஞ்சே செஞ்சான்னா, அவன நான் சும்மா விடணுமா? நீரே சொல்லும்."

உபதேசியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இயந்திரம் நின்றதும் நர்ஸ் இன்பசேகரன் கையில் கட்டுப் போட்டபடி, "சார், அடுத்த வாட்டி ஒங்களுக்கு வேற பெட் போட்டுரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றார் இன்பசேகரன், பக்கத்துப் படுக்கைக்காரரின் பிடரியை முறைத்தபடி. "அந்தாளு இன்னும் பதில் சொல்லலியே."