நாற்காலிக்கு ட்யூன் செய்த ரேடியோ

இரவு ஷிப்ட் முடிந்து ஊரப்பாக்கம் அறைக்குத் திரும்பும்போதெல்லாம் என் பிளாஸ்டிக் நாற்காலி யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல் சூடாக இருந்தது. கதவுப் பூட்டு மட்டும் அப்படியே இருக்கும். இன்னொரு சாவி வீட்டுக்காரர் ஏகநாதனிடம் இருந்தது.

"உன் ரூம்ல இன்னா கீதுன்னு நான் வந்து குந்தப் போறேன்?" என்று, நான் கேட்டதற்குச் சிரித்தார். நான் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடித்து அந்தச் சாவியை வாங்கிவிட நினைத்தேன்.

செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி நானே செய்த ரேடியோ ஒன்று உண்டு. காலேஜை விட்டு வந்தபோது அதை மட்டும் எடுத்துவந்தேன். அதற்குப் பெட்டி கிடையாது. பக்கத்தில் ஆள் இருந்தாலே ட்யூனிங் நகர்ந்துவிடும். அதை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, உட்கார்ந்தபடி நிலையம் மாற்றும் கண்டென்சரைத் திருப்பி சென்னை நிலையத்தைப் பிடித்தேன். எழுந்ததும் வெறும் இரைச்சல். மறுபடி உட்கார்ந்தேன், செய்தி கேட்டது. எழுந்து, அதை ஓடவிட்டே வேலைக்குப் போனேன்.

காலையில் படியேறும்போது என் அறையிலிருந்து நாதஸ்வரம் தெளிவாகக் கேட்டது. ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"யாருப்பா உள்ள?"

கேட்ட ஏகநாதன் பால் பாக்கெட்டோடு எனக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தார்.

பூட்டைத் திறந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. நாதஸ்வரம் நிற்கவில்லை.

"நிறுத்தாமயே பூட்டிக்கினு போயிட்டியா?"

"அந்த நாற்காலில ஆள் உக்காந்தாதான் சார் இது பாடும்."

நாங்கள் இருவரும் வாசலைத் தாண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரம் மங்கி இரைச்சலானது. நாற்காலியை விட்டு எழுந்தால் அப்படித்தான் ஆகும்.

ஏகநாதன் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். நானும் விட்டேன்.