சத்தத்தை எடுத்தவர்

லேப்டாப் கண்ணைத் திறக்க மறுத்தது.

தையல் மெஷின் ரிப்பேர்காரர் அதைக் குப்புறக் கவிழ்த்து, அடிமூடியின் திருகுகளை மறுபடியும் கழற்றினார். ஒவ்வொன்றும் அரிசிமணியைவிடச் சின்னது. ஒன்று ஏற்கெனவே கட்டிலுக்கடியில் தலைமறைவாகிவிட்டது.

“எண்ணெய் விட்டுப் பாத்தீங்களா?” சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

கிண்டல்தான். எண்ணெய்க் குப்பியைத் தான் ஒருமுறை கையில் எடுத்ததை அவள் பார்த்திருக்கமாட்டாள் என்று நம்பினார்.

லேப்டாப் மகளுடையது. கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது, இப்போது கிழம். மூடியில் பாதி உரிந்த பூனை ஸ்டிக்கர். இதோடு உட்கார்ந்துவிட்டால் அவள் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டாள். டக்டக்கென்று தட்டுவது மட்டும் கேட்கும். அப்பாவைக் கிட்டேயே விடமாட்டாள். “உங்க ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டு என் ரூம் பக்கம் வராதீங்கப்பா” என்பாள்.

உள்ளே இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நாளாகக் கர்ர், கடக், கர்ர் என்று முனகத் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார்.

“இழுத்துக்கிட்டு கெடக்குண்ணே. இன்னிக்கோ நாளைக்கோ.”

அதிலிருந்த எல்லாவற்றையும் எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துக் கொடுத்தார். பொருத்துவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். மகள் பொருளை வேற்றாள் பிரிப்பதாவது.

அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் விட முடியாது. தினமும் காலையில் மனைவி மகள் அறைக்குப் போய், லேப்டாப்பை ஓடவிட்டு வருவாள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. சும்மா வைத்தால் எந்த மெஷினும் கெட்டுவிடும், தினம் கொஞ்சம் ஓட்டுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் தொண்டை கிழியச் சொல்பவர் அவர். கேட்டது ஒரே ஒருத்தி, அதுவும் கட்டிய மனைவி. அவள் ஒருநாள் பட்டனை அழுத்தி, இது எழும்பாமல் கிடந்தால்? அப்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

கோளாறு பிடிபட்டது. புதியது பழையதைவிட ஒல்லி. பள்ளத்தில் லொடலொடவென்று ஆடி, முனை பதியாமல் நின்றது. நூல்கண்டு டப்பாவின் அட்டையை நறுக்கி, மடித்து, அடியில் செருகினார். கெட்டியாக உட்கார்ந்தது.

அப்படியும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டியது. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“அது இன்னும் பழசைத்தான் தேடுதுண்ணே. பழசு இனி வராதுன்னு செட்டிங்ஸ்ல சொல்லிக் குடுக்கணும்.”

எந்தப் பட்டன், எந்த வரி என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் சொல்லிக் கொடுத்தார். லேப்டாப் சீக்கிரமே புரிந்துகொண்டது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் மகள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டம்.

அது யாருக்கும் தெரியாது. நேரமாச்சு நேரமாச்சு என்று பஸ்ஸுக்கு ஓடினவள், அதையெல்லாமா சொல்லிவிட்டுப் போவாள். அந்த பஸ் போய்ச் சேரவே இல்லை.

அவர் லேப்டாப்பில் காதை வைத்தார். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. மெஷின்களின் சத்தத்தை எடுப்பதுதான் அவர் பிழைப்பு. இவ்வளவு சுத்தமாக அவர் எதிலும் எடுத்ததில்லை.

“இங்க வந்து பாரேன்.”

மனைவி ஈரக்கையோடு வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் கழற்றிக் கிடந்த பழைய டிஸ்கைப் பார்த்தாள்.

“ஓடுதா?”

“ஜம்முனு ஓடுது.”

“சத்தமே காணோமே.”

“அதுக்குத்தான் கைராசி வேணுங்கறது.”

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

சமையலறையில் பாத்திரம் உருளவில்லை. குழாய் திறக்கவில்லை. அவர் எழுந்து போய்ப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் மகள் அறைப் பக்கம் காதைச் சாய்த்தபடி நின்றாள்.

“அந்தக் கர்ர் சத்தம் கேட்டா உள்ள ஆள் இருக்கற மாதிரி இருக்கும்” என்றாள். “வேற ஒண்ணுமில்ல.”

அவர் அடுப்பை அணைத்தார்.

அறைக்கு வந்து லேப்டாப்பைக் கவிழ்த்தார். அட்டையை உருவினார். புதியதைத் துணியில் சுற்றி நூல்கண்டு டப்பாவில் வைத்து மூடினார். பழையதை அதன் இடத்தில் உட்காரவைத்தார். செட்டிங்ஸில் சொல்லிக் கொடுத்ததையும் அழித்தார். போன சத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வாடிக்கையாளரும் அவரிடம் வந்ததில்லை.

பட்டனை அழுத்தினார். இன்னிக்கோ நாளைக்கோ. இன்னிக்கு வேண்டாம் என்று அதனிடம் கெஞ்சினார்.

கர்ர். கடக். கர்ர்.

சமையலறையில் ஒரு டம்ளர் நகர்ந்தது. பிறகு அவள் குரல், எத்தனை தடவைதான் கேட்பது என்ற பழைய சலிப்போடு:

“காபி வேணுமா கண்ணு?”

அவர் காபியை விட்டுப் பல வருஷமாகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைக் கண்ணு என்று கூப்பிட்டதும் கிடையாது.

ஒரு எழுத்துகூட டைப் அடிக்கத் தெரியாதவர், லேப்டாப்பை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சமையலறைக்குக் கேட்கும்படி, டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தார்.